தண்ணீர் விட்ட குழி

வெறும் தண்ணீர் விட்ட குழி நீலமானால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

வெண்மதி அந்தப் பிளாஸ்டிக் தட்டை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும், காய்ச்சல் கிருமியை மட்டும் பிடிப்பதற்கென்று வடிவமைத்த ஆன்டிபாடித் துண்டுகளைப் போன வாரம் அவளே ஒட்டியிருந்தாள். கிருமி சிக்கினால் நீலம். சிக்கியது எத்தனை முறை கழுவினாலும் போகாது. தண்ணீரில் சிக்குவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் ஐந்து குழிகள் நீலம்.

அதை விட்டுவிட்டுப் பதிவேட்டில் 'தேறியது' என்று கையெழுத்துப் போடச் சொன்னார் முதலாளி ராஜமாணிக்கம். காலையில் நானூறு தட்டுகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டும். போனால், நன்றாக இருப்பவர்களுக்கும் காய்ச்சல் என்று ஊசி குத்துவார்கள். வெண்மதி முடியாது என்றாள்.

"ஜான்சி கை பட்டிருக்கும்மா. அது க்ளவுஸே போடாதுல்ல."

"ஜான்சி அக்காவ அடக்கம் பண்ணி நாலு மாசம் ஆவுது சார்."

சிதம்பரம் பஸ் போய்விடும், கிளம்பு என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவள் போகவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு புதுத் தட்டு ஒன்றைப் பிரித்தாள்.

ஜன்னல் வழியே கடலூரின் ரசாயன வாடையும் உப்புக் காற்றும் கலந்து வந்தன. ஃப்ரீசர் முனகிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், இதே மேஜையில் அவளோடு வேலை பார்த்த ஜான்சி நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை மெல்ல எழுந்தது. எல்லாக் குழியிலும் தண்ணீர். பிறகு நிறமருந்து. காத்திருந்தாள்.

முதலில் கட்டைவிரல் இருக்கும் இடத்தில் ஒரு குழி நீலமானது. பிறகு நான்கு. கீழேயிருந்து யாரோ கை வைத்தது போல.

தன் கைதான் பட்டதோ? க்ளவுஸைக் கழற்றி விரல்களை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. வெண்மதியின் சுண்டுவிரல் சிறு வயதில் கதவில் நசுங்கி உள்பக்கமாக வளைந்தது.

தட்டு சில்லென்றது.

இடது கையால் பதிவேட்டை இழுத்தாள். 'தோல்வி' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

"புடிச்சிக்கக்கா. இது ஒண்ணுகூட வெளிய போவாது."

வலது கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ராஜமாணிக்கம் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே வந்தார். மேஜை மேல் பதிவேடும் ஒரு ஜோடி க்ளவுஸும் இருந்தன. வெண்மதி இல்லை. பிரிக்காத பெட்டிகளைப் பிரித்தார். நானூறு தட்டுகளிலும் பத்துக் குழிகள் நீலமாக இருந்தன. பத்தாவது, வரிசை விட்டு உள்ளே தள்ளியிருந்தது.