கடைசி வண்டி

மலையடிவாரத்து பெட்ரோல் பங்குக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரொட்டிக்காரன் பைக் டாங்கை நிரப்பிவிட்டு, கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றிருந்தான். பேக்கரி வைத்திருப்பவன். விடியுமுன் எழுந்து பழகியவன் என்பதால் உலகமே தனக்குத் தாமதம் என்று நினைப்பான்.

“அக்காவும் தம்பியும் அலங்காரம் முடிச்சாச்சா?”

“வாய மூடிட்டு வண்டிய எடு,” என்றேன்.

நான் வண்டிப் பட்டறை நடத்துகிறேன். தம்பி குழாய் வேலைக்காரன். கால் முறிந்து, கம்பி வைத்து, கட்டிலில் கிடந்து எழுந்த பிறகு இதுதான் அவனுக்கு முதல் நீண்ட பயணம். அனுப்பவே மாட்டேன் என்று அடம்பிடித்த அம்மாவிடம் நான்தான் பேசினேன். “முழுசா கூட்டிட்டு வந்து உன் கண்ணு முன்னால நிறுத்தறேன், போதுமா?”

எங்களுக்குள் ஒரு விதி உண்டு. வளைவோ கிளைப்பாதையோ வந்தால், பின்னால் வருகிறவனின் விளக்கு தெரியும்வரை நிற்க வேண்டும். தெரிந்தபின் கிளம்பலாம். இப்படிப் போனால் யாரும் தொலைவதில்லை. கடைசி வண்டிக்காரன் மட்டும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. கால் வலித்தால் மெதுவாக வரட்டும் என்று அன்று தம்பியைக் கடைசியில் விட்டோம். முன்னால் ரொட்டிக்காரன், நடுவில் நான்.

லாரிகள் கைவிட்ட பழைய பாதையில் ஏறினோம். காலை முழுக்க நல்ல வெயில். உச்சியை நெருங்கும்போது பனிமூட்டம் இறங்கி, நடுப்பகலே அந்தி போல மங்கிவிட்டது. ஈர மண் வாசனையோடு பழைய எண்ணெய் கருகும் நாற்றமும் வந்தது. என் வண்டியா என்று குனிந்து பார்த்தேன். இல்லை.

ஒவ்வொரு வளைவிலும் தம்பியின் விளக்கு தாமதமாகிக்கொண்டே வந்தது.

பாறை ஓரம் நிறுத்தி, ஃபிளாஸ்க்கைத் திறந்தபோது கேட்டேன். “கால் வலிக்குதாடா?”

“கால் நல்லாத்தான்கா இருக்கு. பின்னால ஒருத்தர் வர்றாரு. அவருக்காக நின்னு நின்னு வரேன்.”

“பின்னால யாரு?”

“தெரியல. ஒத்தை லைட்டு. முதல் வளைவுல பாவம்னு நின்னேன். அதுலேருந்து நான் நின்னாத்தான் வர்றாரு.”

ரொட்டிக்காரன் பன்னைக் கடித்தபடி சிரித்தான். “விட்டா ஊரையே கூட்டிட்டு வருவான் போல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூரத்தில் கேட்கும் வண்டி என்ன வண்டி, அதில் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்வது என் பிழைப்பு. எங்கள் மூன்றையும் தவிர அந்த மலையில் வேறு வண்டிச் சத்தமே இல்லை.

“இனிமே யாருக்காகவும் நிக்காதே,” என்றேன். தலையாட்டினான்.

அடுத்த வளைவில் காத்திருந்தேன். அவன் வரவில்லை.

வண்டியைத் திருப்பினேன். அவன் வண்டி நடுச்சாலையில் தனியாக நின்று உறுமிக்கொண்டிருந்தது. அவன் இறங்கி, தாங்கித் தாங்கி நடந்து போய்க்கொண்டிருந்தான். யாரையோ கையசைத்து அழைத்தபடி.

எதிரே ஒரு மஞ்சள் விளக்கு.

அந்த இடத்தில் சாலை இல்லை. தடுப்புச் சுவர் சரிந்து, பள்ளம் வாய் திறந்து கிடந்தது. விளக்கு அந்தரத்தில் நின்றது. அவன் ஓரடி வைத்தால், அது ஓரடி பின்வாங்கியது.

“டேய்!”

“இரு அக்கா,” என்று கிசுகிசுத்தான். “வழி தெரியாம நிக்கிறாரு. நான் போகலன்னா தனியா கிடப்பாரு.”

பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன். அவனுடைய ஒரு செருப்பு கழன்று பள்ளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

எனக்குப் பயத்தைவிடக் கோபம் அதிகம் வந்தது. எத்தனை ராத்திரி இவன் கால் பக்கத்தில் கண் விழித்திருப்பேன்!

“யாரா இருந்தாலும் சரி!” என்று விளக்கைப் பார்த்துக் கத்தினேன். “உனக்காக இங்க யாரும் நிக்கல, கேக்குதா? இவன் என் கூட வந்தவன். என் கூடத்தான் திரும்புவான்!”

விளக்கு அணைந்தது.

பிறகு எரிந்தது. இப்போது சாலையின் மேல், எங்கள் பக்கத்தில்.

தம்பியை இழுத்துப் போய் அவன் வண்டியில் உட்கார வைத்தேன். “முன்னால போ. எங்கயும் நிக்காதே. நான் கடைசி.” என் வண்டியின் இரண்டு கண்ணாடிகளையும் தரையைப் பார்க்கும்படி திருகிவிட்டேன். வழியில் எங்களுக்காகக் காத்திருந்த ரொட்டிக்காரன் என் முகத்தைப் பார்த்தான். உடனே முன்னால் கிளம்பினான்.

மலை இறங்கும்வரை பின்னாலிருந்து வந்த மஞ்சள் வெளிச்சம் என் நிழலைத் தம்பியின் முதுகில் போட்டது. விழட்டும் என்று அதை அங்கேயே பிடித்து வைத்திருந்தேன். என் நிழல் மூடியிருக்கும்வரை அந்த வெளிச்சம் அவன்மேல் படாது. ஒரு வளைவில்கூட நான் நிற்கவில்லை.

சமவெளிக்கு வந்ததும் என் நிழல் மறைந்தது. ரொட்டிக்காரன் அவன் தெருவில் பிரிந்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு சேர்ந்தோம். அம்மா வாசலுக்கு ஓடிவந்து தம்பியின் தோளையும் காலையும் தடவிப் பார்த்தாள். “செருப்பு எங்கடா?” என்று திட்டிவிட்டு, அழுகையை மறைக்க உள்ளே போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குத் தெம்பாக இருந்தது.

தம்பி மட்டும் வாசல் கேட்டை விடவில்லை. விரியத் திறந்து பிடித்தபடி தெருவையே பார்த்தான்.

“உள்ள வாடா.”

“கொஞ்சம் இரு அக்கா. இன்னும் ஒருத்தர் வரணும்.”

அவன் விரல்களைக் கம்பியிலிருந்து பிய்த்து எடுத்தேன். உள்ளே தள்ளி, வீட்டுக் கதவை வெளியே தாழிட்டேன். உள்பக்கம் நின்றபடி கேட்டைச் சாத்திப் பூட்டினேன். என் வண்டியை அதன் குறுக்கே நிறுத்தி, கையில் பெரிய ஸ்பேனரோடு அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

தெருவில் எந்த வண்டிச் சத்தமும் இல்லை.

கேட்டின் அடி இடைவெளி வழியாக மஞ்சள் வெளிச்சம் மெல்ல உள்ளே ஊர்ந்து வந்தது. என் கால் வரை வந்து நின்றது.

“நில்லு,” என்றேன். “எவ்வளவு நேரம்னு நானும் பாக்கறேன்.”

வெளிச்சம் நகரவில்லை. நானும் நகரவில்லை.