சிவப்புப் பைக்குள் சிங்கக்கொடி

பிப்ரவரி நான்காம் தேதி காலை எட்டரை மணிக்கு அருள்தாஸ் மணமேல்குடியில் பிரகதாம்பாள் வீட்டுக்கு வந்தபோது, அடைக்கலம் வாசலில் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். நீதிமன்றத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாளைத் தேடி ஊர் வில்லங்கங்கள் வரும். அவரை ஏற்றிக்கொண்டு போய்த் தானும் துப்புத் துலக்குவதில் அடைக்கலத்துக்கு அலாதி ஆசை.

அருள்தாஸ் விசைப்படகு முதலாளி. இந்திய-இலங்கை நட்புறவு மன்றத்தின் செயலாளர். கோட்டைப்பட்டினம் மண்டபத்தில் பத்து மணிக்கு இலங்கையின் சுதந்திர தின விழா. அங்கிருந்து ஓர் அதிகாரி வருகிறார். ஏற்ற வேண்டிய அந்நாட்டுச் சிங்கக்கொடி ஹால் பீரோவில் இல்லை. மண்டபம் பெருக்கும் ஹவ்வா உம்மாள் மேல்தான் சந்தேகம் என்றார். அவள் மகன் ரிஃபாய் கடலில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறான்; அந்தக் கோபத்தில் எடுத்திருப்பாளாம்.

"எட்டு மணிக்குத்தாங்க போனேன். ஹால்ல அந்தம்மா பெருக்கிக்கிட்டிருந்துச்சு. பின்னாடி ரூமுப் பக்கம் நான் போகவே இல்லை. போலீஸ் வந்தா விழா கெட்டுரும். நீங்களே வந்து அந்தம்மாவோட செவப்புப் பையத் தொறந்து பாருங்க."

மண்டபத்தின் பின்னறை ஆணியில் சிவப்பு ஜவுளிக்கடைப் பை தொங்கியது. உள்ளே, மடிப்புக் கலையாமல் கொடி. மன்றத்து ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று அடைக்கலம் நினைத்தான். ஹவ்வா உம்மாளின் முகத்தைப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

பையில் வேறென்ன இருந்தது என்று அவளிடம் பிரகதாம்பாள் கேட்டார்.

"தூக்குச்சட்டி. அப்புறம் அந்த ஆபீசருக்குக் குடுக்க ஒரு மனுவுங்க."

தூக்குச்சட்டி இருந்தது. மனு இல்லை.

இந்தப் பையைத்தான் தினமும் கொண்டுவருவீர்களா என்று அடுத்துக் கேட்டார். ஒயர்க் கூடைதான் வழக்கம் என்றாள் ஹவ்வா உம்மாள். விடியற்காலையில் அதன் கைப்பிடி பிய்ந்துபோக, பக்கத்து வீட்டுப் பவுசியாவிடம் இதை வாங்கி, ஆளில்லாத பின்வாசல் வழியே வந்து மாட்டியிருக்கிறாள். பிறகு வெளியே போகவில்லை.

பிரகதாம்பாள் அருள்தாஸ் பக்கம் திரும்பினார். "இந்த ரூமுக்கே வராத நீங்க, பை செவப்புன்னு எப்படிச் சொன்னீங்க?"

விழாவுக்கு நேரமாகிறது என்றார் அவர். பிரகதாம்பாள் விடவில்லை.

"கொடியைத் திருடுனவங்க தன்னோட மனுவையே எதுக்குத் திருடணும்? கொடியை உள்ள வச்ச கைதான் மனுவை எடுத்திருக்கு. அதுல என்னம்மா எழுதியிருந்துச்சு?"

சுதந்திர நாளுக்காக இன்றைக்கு அங்கே கைதிகள் சிலரை விடுவிப்பார்களாம். தன் மகனையும் விடச் சொல்லி எழுதியிருந்தாள். திசைகாட்டும் கருவி பழுது என்று அவன் சொல்லியும் முதலாளி கட்டாயப்படுத்திக் கடலுக்கு அனுப்பினார் என்றும் எழுதியிருந்தாள். அந்த முதலாளி இந்த அருள்தாஸ்தான். பவுசியா வாயால் மனு விஷயம் முந்தின நாளே ஊரில் பரவி அவர் காதுக்கும் போயிருந்தது.

மனுவைக் கிழித்துச் சாக்கடையில் போட்டதாக அவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். மன்றத்து ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், விருந்தினர் வரும் நேரம், இதை அப்புறம் பேசிக்கொள்ளலாமே என்றார். யாரும் மறுக்கவில்லை.

பிரகதாம்பாள் உட்கார்ந்து வேறொரு மனு எழுதினார். கொடி ஏறியது. இரண்டு நாட்டுக் கீதமும் ஒலித்தது. கடல் நம்மைப் பிரிக்கவில்லை, சேர்க்கிறது என்று விருந்தினர் பேசினார். அருள்தாஸ் அவருக்குச் சால்வை போர்த்தினார். கார் கிளம்பும் முன் பிரகதாம்பாள் முண்டியடித்துப் போய் மனுவை நீட்ட, உதவியாளர் குறுக்கே வந்தார்.

"மனுவெல்லாம் மன்றச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்."

அருள்தாஸ் கையை நீட்டினார். பிரகதாம்பாள் கொடுக்கவில்லை. கார் போய்விட்டது. அன்று மதியமே அந்த அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

ஏப்ரலில் பதில் வந்தது. விடுதலைப் பட்டியல் பிப்ரவரி நான்காம் தேதி மாலையோடு முடிந்துவிட்டதாகவும், மனு அதற்குப் பின்னரே கிடைத்ததாகவும் இருந்தது. பிரகதாம்பாள் ஒரு வார்த்தையையும் மறைக்காமல் படித்துக் காட்டினார்.

ஹவ்வா உம்மாள் கடிதத்தை வாங்கி மடித்தாள்.

"அடுத்த வருசமும் அந்த நாட்டுக்குச் சுதந்திர நாள் வருமுல்லங்க?" என்று கேட்டாள்.