பின் சீட்டு

மனிதகுலம் இதுவரை பேய் என்று நினைத்துப் பயந்ததெல்லாம் சரியாக இறுக்காத ஏதோ ஒரு நட்டுதான்.

இதை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தீர்ப்பு வாசிப்பதுபோல் சொன்னவன் பம்ப் கம்பெனியில் இருபது வருடமாக ஃபிட்டர். கடையில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாக வைத்தார்கள்; அவன் பட்டமாக வாங்கிக்கொண்டான்.

அன்று காலையில்தான் அவன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பார்க்கப் போயிருந்தான். ரிட்டயரான கம்பவுண்டர் ஒருவரின் தகர ஷெட்டில் அது கிடந்தது. டயரில் காற்றில்லை, டேங்கில் துரு, ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்திய தடயம். அவனுக்கு முன்பே இரண்டு பேர் அதை வாங்கிப்போய், பாதி பிரித்து, அப்படியே கோணியில் கட்டித் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லையாம் என்றார் கம்பவுண்டர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

வண்டியைக் குட்டி யானையில் ஏற்றும்போதுதான் மிச்சத்தைச் சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறார். மனைவி இறங்கி நின்றிருக்கிறாள். மூடியைத் திருகிவிட்டு, ஏறிவிட்டாள் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். இரண்டு மைல் தூரம் கூரை ஒழுகுவதைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறார். பதில் வராததைக் கோபம் என்று நினைத்திருக்கிறார். அவளோ செருப்புக் காலோடு பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள், ஒரு லாரி வரும்வரை.

“கிளம்பறதுக்கு முன்னாடி, ஏறியாச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க தம்பி. கேட்டுட்டு கொஞ்சம் நில்லுங்க. நான் ஓட்டின கடைசி வருஷம் பூரா அப்படித்தான் ஓட்டினேன்.”

விஞ்ஞானி இதை டீக்கடையில் நடித்தே காட்டினான். பெஞ்சைக் குதிரைபோல் கால் போட்டுக்கொண்டு, வெறும் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்து, “ஏறியாச்சா?” என்று இழுத்துக் கேட்டான். டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. ஒரு வாரம் அந்தத் தெருவில் சைக்கிள் எடுத்தவன்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் மிதித்தான்.

வண்டி வாங்கியது மனைவிக்காகத்தான். அவள் மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். எட்டு மணி நேரமும் நின்றபடி. பஸ் விடும் இடத்திலிருந்து கம்பெனி கேட் ஒரு மைல். சாயங்காலம் வந்து வெந்நீர் வாளிக்குள் காலை விட்டால், வீக்கம் வடிவதற்குள் மறுநாள் விடிந்துவிடும். இனி தினமும் கேட்டிலேயே இறக்கிவிடுகிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

ஆனால் ஃபிட்டர் கையில் இரும்பறுக்கும் கிரைண்டர் கிடைத்தால் வாக்கு எம்மாத்திரம்? போனில் பார்த்த ஒரு படம் அவன் தலைக்கேறியது: ஒற்றை சீட்டு, குட்டை மட்கார்ட், மொட்டையான பின்பக்கம். சிக்கிய பிஸ்டனுக்கு டீசல் ஊற்றி ஊறவைத்த பத்து நாளில், சேஸிஸின் வால்பகுதியை அறுத்தான். பின் ஃபுட்ரெஸ்ட் இரண்டையும் கழற்றி எறிந்தான். மனைவி வாளிக்குள் காலோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் எங்க உக்கார்றது?”

ஸ்டைல் என்றால் இதுதான் என்று அவன் விளக்கினான்.

“சரி. நீங்க மெதுவா போங்க, நான் பின்னாலயே ஓடி வர்றேன்.”

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

டேங்குக்குள் ஒரு கைப்பிடி அளவு போல்ட்டுகளைப் போட்டுக் குலுக்கித் துரு எடுத்து, கார்புரேட்டர் ஜெட்டின் அடைப்பைச் செம்புக் கம்பியால் குத்தி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு உதைத்தான். எட்டாவது உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. வெயில் வெள்ளையாக அடித்தது. கிடங்குகளுக்குப் பின்னால் போகும் நீண்ட ரோட்டில் நாய்கூட இல்லை.

இரண்டாவது கியரில் அந்தச் சத்தம் கேட்டது.

சட், சட், சட்.

செயின் லூஸ் என்று நினைத்தான். கியரை மாற்றினான். சத்தமும் வேகம் பிடித்தது. கிளட்சை அழுத்தி வண்டியைச் சும்மா உருளவிட்டான். எஞ்சின் அடங்கியது. சத்தம் அடங்கவில்லை.

அது இரும்பின் சத்தம் இல்லை.

ஈரச் செருப்பு.

காய்ந்த ரோட்டில், அவனுக்குப் பத்தடி பின்னால், யாரோ ஓடி வந்தார்கள்.

அவன் முறுக்கினான். நாற்பது. ஐம்பது. அறுபது. அறுபதிலும் அதே பத்தடி. கண்ணாடியில் வெறும் ரோடும் கானலும்தான் தெரிந்தன. நடுவில் மூச்சு வாங்கும் சத்தம். ஓடி ஓடி நெஞ்சு காய்ந்துபோன, திட்டக்கூடத் தெம்பில்லாத ஒருத்தியின் மூச்சு.

பிரேக் அடித்து நின்றான். மூச்சு மெல்லக் கிட்டே வந்து, அவன் காதருகில் நின்றது. மழையில் நனைந்த துணியின் வாடை.

“கொஞ்சம்… நில்லுங்களேன்.”

அவன் எஞ்சினை அணைத்து, வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான். செருப்புச் சத்தமும் கூடவே வந்தது. ஓடவில்லை, நடந்தது.

அன்று இருட்டும்வரை ஸ்பேனரோடு உட்கார்ந்து வண்டி முழுக்கப் பார்த்தான்.

எல்லா நட்டும் இறுகித்தான் இருந்தது.

மறு வாரம் அறுத்த வாலை மறுபடி வெல்டிங் வைத்து, நீளமாக இரட்டை சீட்டு அடித்து, ஃபுட்ரெஸ்ட்டைத் தேடி எடுத்து மாட்டினான். டீக்கடையில், வீட்டுக்காரிக்குக் கால்வலி என்று சொல்லிவைத்தான். உண்மையும் அதுதானே. மனைவி மட்டும் புது சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்து, “அட” என்றாள்.

திங்கள் காலை. டிபன் பாக்ஸ் பையோடு அவள் வெளியே வர, அவன் வண்டியை உதைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தான். எதுவும் கேட்கவில்லை. டீ மாஸ்டர் எதிரில் கடை திறந்துகொண்டிருந்தான். கேட்டால் மானம் போகும்.

பின் ஸ்பிரிங் இறங்கியது. தோளில் ஒரு கை விழுந்தது. களைத்துப்போன, கனமான கை. அவன் முதல் கியரைப் போட்டு, கிளட்சைப் பாதி விட்டுவிட்டான்.

சும்மா கண்ணாடியைப் பார்த்தான்.

அவன் மனைவி இன்னும் வீட்டு கேட்டில் நின்று பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

தோளில் கை அப்படியே இருந்தது.

காலை ஊன்றி நின்றான். தெரு முனையில் லாரி ஒன்று திரும்பிப் போனது. பூட்டைப் பூட்டிவிட்டு மனைவி வந்து ஏறினாள். ஸ்பிரிங் இரண்டாம் முறை இறங்கியது.

“கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க. இவ்ளோ பெரிய சீட்டு அடிச்சும் எடமே பத்தல.”

அவன் டேங்கை ஒட்டி நகர்ந்தான். டீ மாஸ்டர் பார்க்கிறானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு திரும்பாமல், குரலைத் தாழ்த்தி,

“ஏறியாச்சா?” என்றான்.

“ஏறித்தானே உக்காந்திருக்கேன்” என்றாள் மனைவி.

அவன் வண்டியை எடுக்கவில்லை. காத்திருந்தான்.

“ம்” என்றது இன்னொரு குரல்.

அதன்பிறகுதான் கிளட்சை விட்டான்.