அறுபதாவது பயணம்

லியோட்டா ஹாஸ்கின்ஸ் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டே உள்ளே வந்தார். கையிலிருந்த கடிதத்தை மேசைமேல் அவர் அறைந்த வேகத்தில் ஐஸ் டீ குலுங்கிச் சிந்தியது.

"என்னைத் திருடின்னு எழுதியிருக்கான்! அறுபத்தோரு வயசாகுது எனக்கு. இருபத்திரண்டு வருஷமா பள்ளிக்கூடத்துச் சமையலறையில வேலை. ஒரு பால் பாக்கெட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல. என்னைப் போய்த் திருடிங்கறான்!"

டெல்ஃபின் ரோச் துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீவிபத்துகளை விசாரித்தவர் அவர். தானாக எரிந்த வீட்டையும் எரிக்கப்பட்ட வீட்டையும் சாம்பலைப் பார்த்தே பிரித்துவிடுவார் என்று சான் அன்டோனியோவில் பேச்சு. ஓய்வுபெற்ற பின், ஊராருக்காக விசாரணை செய்ய டயர் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அவருக்குத் துணை ரூபன் காந்து. வாடகைக் கார் ஓட்டுபவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் இங்கேதான் இருப்பான்.

"உக்காருங்க. யாரு எழுதினது?" என்றார் டெல்ஃபின்.

"பிரேசோஸ் ஏர்லைன்ஸ்! லூமிஸ்னு ஒருத்தன், மைல் பரிசுப் பிரிவுக்கு மேற்பார்வையாளனாம்."

1988ஆம் வருடத்து வசந்தத்தில் எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு மைல் சேர்த்து இலவச டிக்கெட் வாங்கும் பைத்தியம் பிடித்திருந்தது. எவ்வளவு சின்னத் தூரமானாலும் ஒரு தடவை பறந்தால் ஆயிரம் மைல் என்று விமான நிறுவனத்தார் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். அதையும் அந்த வருடம் மும்மடங்காக்கினார்கள். ஹூஸ்டனுக்கு நாற்பது நிமிடம்தான். டிக்கெட் இருபத்தொன்பது டாலர். போய், நிலையத்தை விட்டு வெளியே வராமலே அடுத்த விமானத்தில் திரும்பினால் ஆறாயிரம் மைல்.

"பிப்ரவரி ஆறாம் தேதியிலேருந்து பத்துச் சனிக்கிழமை பறந்தேன். ஒரு நாளைக்கு மூணு தடவை போய் மூணு தடவை வந்தேன். வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கண்டாலே இப்ப குமட்டுது" என்றார் லியோட்டா.

"எதுக்காக இவ்வளவு பாடு?" என்று கேட்டான் ரூபன்.

லியோட்டாவின் குரல் இறங்கியது. "எங்க அண்ணன் கிளைட் மணிலாவுல புதைஞ்சிருக்கான். நாப்பத்தஞ்சுல, சண்டையில. நாங்க மூணு பேரு, அக்கா தங்கச்சிங்க. ஒருத்தரும் அந்தக் கல்லறையைப் பார்த்ததில்ல. பெரியக்கா வெர்னிக்கு இப்ப கண்ணு போயிட்டிருக்கு. இந்த வருஷக் கடைசிக்கு மேல தாங்காதுன்னுட்டார் டாக்டர். மணிலாவுக்கு ஆளுக்கு அறுபதாயிரம் மைல். மூணு பேருக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். நான் டிக்கெட் கேட்டு எழுதினா, இந்தப் பதில் வருது."

கடிதத்தை டெல்ஃபின் உரக்கப் படித்தார். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதியே திருமதி ஹாஸ்கின்ஸ் தம்முடைய மைல்களைக் கொடுத்து மூன்று டோக்கியோ டிக்கெட்டுகள் வாங்கினாராம். அவற்றை டாலஸ் நகரத் தரகனுக்கு விற்றாராம். விதிமீறலுக்காக அவருடைய உறுப்பினர் எண் ரத்து. கூடவே, அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட கோரிக்கைக் கடிதத்தின் நகலும் இருந்தது. தட்டச்சு செய்த இரண்டே வரிகள்:

'நான் அறுபது செக்மென்ட் பறந்து சேர்த்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் மைலுக்கு, கீழே உள்ள மூவர் பெயரில் டோக்கியோ டிக்கெட் வழங்கவும்.'

"கையெழுத்து?"

"என்னோடது மாதிரிதான் இருக்கு. ஆனா நான் போடல! எங்க வீட்டுல தட்டச்சு மெஷினே கிடையாது. செக்மென்ட்னா என்னன்னும் தெரியாது."

"ஏர்லைன்ஸ்காரங்க பேசுற வார்த்தை அது. ஒரு தடவை ஏறி இறங்குறதுக்குப் பேரு" என்றான் ரூபன். விமான நிலைய வாசலில் வருடக்கணக்காகக் கார் போட்டவன் அவன். "டிக்கெட் ஏஜென்டுகூட அப்படித்தான் சொல்லுவான். யாரும்மா உங்க ஏஜென்ட்?"

"நார்வெல் ஸ்டப்ஸ். எங்க சர்ச்சுக்காரர்தான்."

"அவருகிட்ட செக் குடுத்தீங்களா?"

"ஒவ்வொரு வாரமும்."

ரூபன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "மேடம், செக்குல கையெழுத்து கிடைச்சாச்சு, வார்த்தையும் கிடைச்சாச்சு. வண்டிய எடுக்கட்டுமா?"

"எடுக்கலாம்" என்றார் டெல்ஃபின். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. லியோட்டா, நீங்க டிக்கெட் கேட்டு எழுதினது எப்போ?"

"ஏப்ரல் பதினெட்டு. பதினாறாம் தேதிதானே கடைசியா பறந்தேன்."

"பத்துச் சனிக்கிழமைன்னா ஏப்ரல் ஒன்பதோட முடிஞ்சிருக்கணுமே?"

"முடிஞ்சிருக்கணும். ஒன்பதாம் தேதி சாயங்காலம் ஹூஸ்டன்லேருந்து கிளம்பினோம். இங்க பெரிய இடிமழை. இறங்க முடியாம ஹூஸ்டனுக்கே திருப்பிக் கொண்டுபோயிட்டான். அப்புறம் பஸ்ல ஏத்தி அனுப்பினான். அது கணக்குல வராதில்லையா? அம்பத்தொன்பதுதான் ஆச்சு. ஒண்ணே ஒண்ணு குறையுதேன்னு மறுபடி அடுத்த சனிக்கிழமை ஒரு தடவை போயிட்டு வந்தேன்."

மாதக் கடைசியில் தபாலில் வந்த, பறந்ததை மட்டும் காட்டும் மைல் பட்டியலையும் லியோட்டா கொண்டுவந்திருந்தார். டெல்ஃபின் அதில் ஒன்பதாம் தேதிக்கு நேரே விரலை ஓட்டினார். ஆறு வரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூவாயிரம். அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஸ்டப்ஸின் கடை அடுத்த தெருவைத் தாண்டி இருந்தது. ரூபன் கேட்ட முதல் கேள்வியிலேயே அந்தப் பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நானா? லியோட்டாவுக்குத் துரோகம் பண்ணுவேனா? தம்பி, உன் வயசுக்கு மேல நான் இந்தக் கடைய நடத்துறேன்!"

"கோவிச்சுக்காதீங்க" என்றார் டெல்ஃபின். "திங்கக்கிழமை, பதினோராம் தேதி, லியோட்டா இங்க வந்தாங்களா?"

"வந்தாங்க. பாதியில திரும்பின பயணத்துக்குப் பணத்தைத் திருப்பி வாங்கிக் குடுத்தேன்." இழுப்பறையிலிருந்து ரசீதை எடுத்தார். பதினோராம் தேதி போட்டு, லியோட்டா கையெழுத்திட்டிருந்தார். "பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டா மைல் ஏது? இன்னும் ஒண்ணு பாக்கின்னு நான்தான் சொன்னேன். அப்பவே பதினாறாம் தேதிக்கு டிக்கெட்டும் போட்டேன். ரசீதை நீங்களே வச்சுக்கங்க."

வெளியே வந்ததும் ரூபன் முணுமுணுத்தான். "கோபத்தைப் பார்த்தீங்களா மேடம்? மடியில கனம் இருக்கறவன்தான் இந்தக் குதி குதிப்பான்."

"லியோட்டா இதைவிடக் குதிச்சாங்களே! கனம் இல்லாதவங்களும் குதிப்பாங்க, ரூபன். நாளைக்கு ஹூஸ்டன் போகணும். அந்தக் கடிதத்தோட நகல் போதாது. அசலை நான் பார்க்கணும்."

மறுநாள் காலை மூவரும் ரூபனின் காரிலேயே போனார்கள். பிரேசோஸ் நிறுவனத்துக்கு இனி ஒரு டாலர்கூடத் தரமாட்டேன் என்று லியோட்டா விமானம் ஏற மறுத்துவிட்டார்.

வட்டார மேலாளர் வாரன் டில்மன் மரியாதை தெரிந்தவர். கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்ப்பவர். அவர் பக்கத்தில் பிரென்ட் லூமிஸ் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை. லியோட்டாவைப் பார்த்ததும் அவன் உதட்டோரம் சுளித்தது.

"இந்த மாதிரி ஆளுங்களை நாங்க நிறையப் பார்த்தாச்சு, சார்" என்றான். "எங்கேயும் போக வேண்டிய வேலை கிடையாது. சும்மா மேலயும் கீழயும் பறந்து மைல் சேர்க்கறது, வித்துட்டு அப்புறம் வந்து அழறது."

"சும்மா பறந்தேனா?" லியோட்டா எழுந்துவிட்டார். "காசு குடுத்துப் பறந்தேன்! பறங்க, தர்றோம்னு பேப்பர் பேப்பரா விளம்பரம் போட்டது யாரு? நானா?"

டெல்ஃபின் அவர் முழங்கையை மெல்லத் தொட்டு உட்காரவைத்தார். "மிஸ்டர் லூமிஸ், அசல் கடிதத்தைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

லூமிஸ் கோப்பைத் தள்ளினான். டெல்ஃபின் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முழு அளவுத் தாள். பன்னிரண்டாம் தேதி முத்திரை. அதே கோப்பில், லியோட்டா பதினெட்டாம் தேதி கையால் எழுதிய உண்மையான கடிதமும் இருந்தது. அதையும் எடுத்துப் பார்த்தார்.

"இது எப்படி வந்தது உங்களுக்கு?"

"தபால்லதான். சாதாரணச் சின்ன உறை. நானே கிழிச்சு எடுத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"உறை எங்கே?"

"அதையெல்லாம் யாரு வச்சிருப்பா? குப்பையில போட்டாச்சு."

டெல்ஃபின் இரண்டு கடிதங்களையும் டில்மன் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குரலை உயர்த்தாமலே பேசினார்.

"முதல்ல அந்த வார்த்தை. 'செக்மென்ட்'. லியோட்டா கையால எழுதின கடிதத்துல 'அறுபது தடவை பறந்தேன்'னுதான் இருக்கு. ஆனா வார்த்தையை மட்டும் வச்சு ஒருத்தரைக் குத்தம் சொல்ல முடியாது. டிக்கெட் ஏஜென்டுக்கும் அந்த வார்த்தை தெரியும். ரூபன் ராத்திரி பூரா அதையேதான் சொல்லிட்டிருந்தான்."

ரூபன் தலையைச் சொறிந்துகொண்டான்.

"ரெண்டாவது, அந்த எண்ணிக்கை. பன்னிரண்டாம் தேதி அன்னிக்கு, லியோட்டாவைப் பொறுத்தவரை அம்பத்தொன்பதுதான். ஒன்பதாம் தேதிப் பயணம் பாதியில திரும்பிடுச்சு. முந்தின நாள்தான் அதுக்குப் பணத்தைத் திருப்பி வாங்கியிருக்காங்க. ஒண்ணு குறையுதுன்னு புது டிக்கெட்டும் எடுத்திருக்காங்க. இதோ ரசீது. ஏஜென்டுக்கும் அம்பத்தொன்பதுதான். மைல் போதாதுன்னு நினைக்கறவங்க அடுத்த நாளே மூணு டிக்கெட் கேட்டு எழுதுவாங்களா?"

"ஆனா எங்க கணக்குல..." என்று டில்மன் தொடங்கினார்.

"உங்க கணக்குல அறுபது இருந்தது. விமானம் ஏறினதை வச்சே உங்க கம்ப்யூட்டர் மைலைப் போட்டுடுச்சு. திரும்பி வந்தது அதுக்குத் தெரியாது. அந்தப் பட்டியல் லியோட்டா வீட்டுக்கு வந்தது மாசக் கடைசியில. அப்போ பன்னிரண்டாம் தேதி அறுபதுன்னு தெரிஞ்சவங்க யாரு? இந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னாடி உக்கார்ந்தவங்க மட்டும்தான்."

"போன் பண்ணிக் கேட்டிருப்பாங்க!" என்றான் லூமிஸ்.

"கேட்டிருந்தா பதினாறாம் தேதி எதுக்கு மறுபடி பறக்கணும்?" டெல்ஃபின் தாளை அவன் பக்கம் திருப்பினார். "சரி, அதை விடுங்க. நீங்களே சொன்னீங்க, சின்ன உறையைக் கிழிச்சு எடுத்தேன்னு. லியோட்டாவோட கடிதத்தைப் பாருங்க, மூணா மடிச்ச தடம் ரெண்டு இருக்கு. இதுல எங்கே? விரலை வச்சுத் தடவிப் பாருங்க. இவ்வளவு பெரிய தாள் மடிக்காம எப்படி அந்தச் சின்ன உறைக்குள்ள போச்சு? மிஸ்டர் டில்மன், இந்தக் கடிதம் தபால்ல வரல. இந்த அறையிலேயே பிறந்து, இந்தக் கோப்புக்குள்ளயே படுத்திருக்கு. கையெழுத்தும் இங்கேயேதான் இருந்திருக்கு, உறுப்பினரா சேர்ந்தப்போ அவங்க எழுதிக் குடுத்த படிவத்துல."

டில்மன் தாளின் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார். அப்புறம் லூமிஸைப் பார்த்தார். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"பிரென்ட்?"

லூமிஸின் காதுகள் சிவந்தன. "அந்த அம்மாவுக்கு டிக்கெட் எதுக்கு சார்? வெட்டியா பறக்கறதுக்கு நாம பரிசு குடுக்கணுமா? டாலஸ்காரன் மூணு டிக்கெட்டுக்கு மூவாயிரத்து அறுநூறு டாலர் தந்தான். இந்த மாதிரி ஆளுங்க திருப்பிச் சண்டைக்கு வரமாட்டாங்கன்னு..."

"வந்துட்டேன்ல?" என்றார் லியோட்டா.

டில்மன் தொலைபேசியில் காவலாளியைக் கூப்பிட்டு லூமிஸை வெளியே அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மா, பதினாறாம் தேதி நீங்க போயிட்டு வந்ததையும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் மைலையும் இன்னிக்கே திருப்பிப் போட்டுடறேன். விஷயம் வெளியே போக வேண்டாம். நமக்குள்ளயே முடிச்சுக்கலாம்."

"மூவாயிரம் கூடுதலா சொல்றீங்க. மழையில திரும்பின பயணம் அது. நான் வந்து சேராததுக்கு மைல் வேண்டாம், எடுத்துடுங்க" என்றார் லியோட்டா. "அப்புறம், நமக்குள்ள முடிக்கறதாவது! என்னைத் திருடின்னு எழுதினது கடிதத்துல. நான் திருடி இல்லன்னும் கடிதத்துல வரணும்."

"டிக்கெட்தான் கிடைக்குதே, அம்மா..."

ரூபன் எதிர்பார்க்காதது அப்போது நடந்தது. டெல்ஃபின் மேசையை ஓங்கித் தட்டினார்.

"ஒரு மடிப்பு, மிஸ்டர் டில்மன்! அந்தத் தாள்ல ஒரு மடிப்பு இருக்கான்னு உங்க ஆளுங்கள்ல ஒருத்தர்கூடப் பார்க்கல. சமையல்காரி, சும்மா பறந்தவ, அப்போ திருடியாத்தான் இருப்பான்னு முடிவு கட்டிட்டீங்க. லூமிஸ் திருடினது மைலை. பேரைத் திருடினது உங்க கம்பெனி!"

முதல் கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. 'தவறு நேர்ந்திருப்பதாகத் தெரிகிறது' என்றிருந்தது. 'நேர்ந்ததா? யார் செஞ்சது?' என்று பென்சிலால் அடியில் எழுதித் திருப்பி அனுப்பினார் லியோட்டா. இரண்டாவது கடிதம், ஊழியர் ஒருவரால் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்தியது. 'புதுச் செருப்பு கடிச்சா அசௌகரியம். என்னை நீங்க திருடின்னீங்க' என்று எழுதி அதையும் அனுப்பினார். வெர்னி தொலைபேசியில் கெஞ்சினார். "போதும்டி, டிக்கெட் வந்துருச்சே, கிளம்பலாம்." லியோட்டா அசையவில்லை. "நீ கண்ணை நெனச்சுப் பயப்படற, தெரியும்க்கா. இன்னும் ஒரு வாரம் பொறு. திருடின்னு பேரோட கிளைட் முன்னாடி போய் நிக்கமாட்டேன்."

மூன்றாவது கடிதம் ஜூன் பத்தாம் தேதி வந்தது. டில்மன் தம் கைப்பட எழுதியிருந்தார்: 'திருமதி லியோட்டா ஹாஸ்கின்ஸ் எதையும் திருடவில்லை, விற்கவில்லை. திருடியவர் எங்கள் அதிகாரி. விசாரிக்காமல் அவர்மேல் பழி போட்டவர்கள் நாங்கள். மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.'

லியோட்டா அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில், அன்றைய மதியச் சாப்பாட்டுப் பட்டியலுக்கு மேலே, நாலு மூலையிலும் ஊசி குத்தி அதை மாட்டினார். பிறகுதான் வெர்னிக்குப் போன் செய்தார்.

"பெட்டியக் கட்டுக்கா."