கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள்

அடுப்பில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிப் போட பாக்கியலெட்சுமி குனிந்தபோது, அவள் கணவன் இராமையா வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"நேத்து காலையில எங்க போன?"

"கொஞ்சம் வேல இருந்துச்சுங்க..."

"என்ன வேல? ஷுக்ரியோட ஆட்டோவுல இருந்து நீ எறங்குனத என் தங்கச்சி பாத்திருக்கா!"

தங்கை நிரஞ்சலா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இல்லாதத நான் சொல்லல அண்ணே. கேட்டா அண்ணி வாயே தொறக்க மாட்டேங்குறாங்க."

பாக்கியலெட்சுமி அப்போதும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், மலைச்சரிவில் கீழேயிருந்த தொழிலாளர் குடியிருப்பான கீழ்ப்பிரிவின் பெயரைச் சொல்ல வேண்டி வரும். அந்தப் பெயரைக் கேட்டாலே இராமையாவுக்கு ஆகாது.

லுணுகலை ஊருக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை மூடி இரண்டு வருடமாகிறது. திருத்த வேலைக்காகக் கொஞ்ச நாள் மூடுகிறோம் என்று தோட்ட நிர்வாகியான துரை சொன்னதை நம்பி, தொழிற்சங்கத் தலைவனாக இருந்த இராமையா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு இயந்திரங்களையே லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "துரைகிட்ட எவ்வளவு வாங்குன?" என்று கீழ்ப்பிரிவுக்காரர்கள் அவன் சட்டையைப் பிடித்தார்கள். தன் வீட்டு ஆட்கள் யாரும் இனி அங்கே கால்வைக்கக் கூடாதென்று அன்றே அவன் சொல்லிவிட்டான்.

வேலை போன குடும்பங்கள் பதுளைக்கும் கொழும்புக்கும் போய்விட்டன. பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. பிள்ளைகளை ஏற்றிவந்த தொழிற்சாலை லொறியும் நின்றுபோனதால் கீழ்ப்பிரிவுச் சின்னப் பிள்ளைகள் வருவதை விட்டுவிட்டார்கள். எண்ணிக்கை இன்னும் குறைந்தால் பத்தாம் ஆண்டு வகுப்பையும் எடுத்துவிடுவார்களாம். பாக்கியலெட்சுமியின் மகள் தயானி அந்த வகுப்பில்தான் இருந்தாள்.

பாக்கியலெட்சுமி ரொட்டியை இறக்கிவைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவனை விலக்கி வெளியே கிளம்பினாள். கொஞ்ச தூரம் விட்டு இராமையா பின்தொடர்ந்தான். அவள் கீழ்ப்பிரிவுக்குத் திரும்பியதும் அவன் பாதையை விட்டு இறங்கினான். தேயிலைச் செடிகளுக்குள் பதுங்கி நின்றான்.

லயத்து வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில், வேலை இழந்த ரெங்கம்மா தன் மகளின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"உன் புருஷன் எங்க வயித்துல அடிச்சான். நீ எங்க புள்ளைகளக் கூட்டிட்டுப் போக வர்ற. என்ன கணக்குப் போட்டு இதச் செய்யுற?"

"தெனமும் ஏசுங்க அக்கா, கேட்டுக்குறேன். புள்ளய மட்டும் அனுப்புங்க. பள்ளிக்கூடமும் போயிட்டா நமக்கு என்னதான் மிஞ்சும்?"

"அவன் வாங்கலேனு சொல்லுவியா?"

"வாங்கியிருந்தா ஒழுகுற தகரத்துக்குக் கீழ நாங்க இன்னும் கெடப்பமா?"

ரெங்கம்மா பிடியை விட்டாள். பாதையோரம் ஆட்டோவை நிறுத்தியிருந்த ஷுக்ரி, "மழ வருது தங்கச்சி, சின்னதுகள ஏத்துங்க. காசு ஒண்ணும் வாணாம்" என்றார். ஏற முடிந்தவர்கள் ஏறிக்கொண்டார்கள். மிஞ்சிய பிள்ளைகளோடு பாக்கியலெட்சுமி மேட்டுப் பாதையில் நடந்தாள்.

இராமையாவால் அதற்கு மேல் ஒளிந்திருக்க முடியவில்லை. பாதைக்கு வந்தான். அவள் திடுக்கிட்டு நின்றாள்.

"வேவு பாக்க வந்தீங்களா?"

அவன் சட்டையில் ஒட்டியிருந்த தேயிலை இலைகளைத் தட்டிவிட்டான்.

"ஊரே உங்களச் சந்தேகப்பட்டுச்சு. வாங்குனீங்களானு நான் ஒரு நாளாவது கேட்டிருப்பேனா? ஆட்டோவுல இருந்து எறங்குனதுக்கு என்னையக் கேட்டுட்டீங்களே!"

"தப்புதான் பாக்கியம்... நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள்.

"அழுதது போதும். ரெங்கம்மாக்கா மகள அட்ட கடிச்சிருக்கு, நடக்க மாட்டேங்குறா. தூக்குங்க."

இராமையா அந்தக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கீழே வாசலில் நின்று ரெங்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வாள் என்றுதான் பாக்கியலெட்சுமி பயந்தாள்.

"மழ பெருசா வருது!" என்று கீழேயிருந்து ரெங்கம்மா கத்தினாள். "புள்ள தலைய மூடிக்கிட்டுப் போகச் சொல்லு, உன் புருஷன!"

பாக்கியலெட்சுமிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கணவனின் மறுதோளில் முகத்தைப் புதைத்து, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றும் எண்ணாமல் விம்மி விம்மி அழுதாள்.