வெற்று மாத்திரை

டிரைவரின் விரலில் ஊசி இறங்கியது. டிரைவர் அசையவில்லை. வார்டின் மறுகோடியில், ஜன்னலோரக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த நர்ஸின் தங்கை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். தங்கையின் கண்கள் மூடித்தான் இருந்தன. இழுத்த கை நெஞ்சின் மேல் கிடந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் மற்ற விரல்களுக்குள் ஒளிந்திருந்தது.

"குத்திட்டீங்களா இல்லியாம்மா?" என்றார் டிரைவர்.

"குத்தியாச்சு. ரத்தம் வந்துடுச்சு பாருங்க."

"தெரியவே இல்ல. போன மாசம் இந்த விரலைத் தொட்டிருந்தா உங்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். ஆயுசு பூரா ரோட்டுல கத்துக்கிட்ட வார்த்தை எல்லாம் சேர்த்து."

"இப்ப மறந்துபோச்சா?"

"மறக்கல. திட்ட ஆள்தான் கிடைக்கல."

அவள் சிரித்தாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். மறுபடி ஜன்னலோரம் பார்த்தாள்.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்த நேரம். குழல் விளக்குகளை இன்னும் யாரும் போடவில்லை. தரை துடைத்த மருந்தின் நெடியும், கொதிக்க வைத்த துணிகளின் ஈர வாசனையும், நாள் முழுக்கப் படுத்தே கிடக்கும் உடம்புகளின் வாடையும் ஒன்றாய்க் கலந்து, மின்விசிறிகளின் கீழ் மெதுவாகச் சுற்றி, வார்டைவிட்டு வெளியே போக மனமில்லாததுபோல் மறுபடி மறுபடி முகத்தில் வந்து மோதின. பாதிக் கட்டில்கள் அமைதியாக இருந்தன. மீதிக் கட்டில்களிலிருந்து முனகல் வந்துகொண்டிருந்தது. சில வாரங்களுக்கு முன்பு எல்லாக் கட்டில்களிலிருந்தும் வந்தது.

இங்கே படுத்திருந்த எல்லோருக்கும் ஒரே நோய். கையும் காலும் தணலில் வைத்ததுபோல் எரியும். போர்வை பட்டால் அலறுவார்கள். அதற்கு ஒரு புது மாத்திரை வந்திருந்தது. நாக்கின் அடியில் வைத்தால் கரைந்துவிடும். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இந்த வார்டு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே இனிப்பில் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்தது. நோயாளிக்குத் தெரியாது. நர்ஸுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பார் டாக்டர். நல்லா இருக்கணும்னு நினைக்கிறவனுக்கு நல்லாத்தான் தெரியும், சிஸ்டர்.

தங்கையை இதில் சேர்த்தவள் நர்ஸ்தான்.

"குலுக்கல் போட்டு மருந்து குடுப்பாங்களா?" என்று அன்று தங்கை கேட்டாள். "என்னக்கா இது, பரிசுச் சீட்டா?"

"பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குடி. வீட்டுல கிடந்தா அதுகூட இல்ல."

தங்கை தையல்காரி. ஊசியைப் பிடிக்க முடியாமல் போய் வருஷமாகிவிட்டது. அக்கா சொன்னால் சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

இப்போது தங்கை முனகும் கட்டில்களில் ஒன்றில் கிடந்தாள். அவளுக்கு விழுந்தது வெற்று மாத்திரை என்று நர்ஸுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் வெற்று மாத்திரை யாருக்கும் நோயைக் கூட்டாது. வெறும் மாவும் சர்க்கரையும். அதைத் தின்பவர்கள் இருந்தபடியே இருக்க வேண்டும்.

முனகும் கட்டில்கள் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தன.

அவள் தங்கையின் அருகே போய் உட்கார்ந்தாள். தங்கை கண்ணைத் திறந்தாள்.

"அக்கா. முட்டி வலிக்குது."

"எந்த முட்டி?"

"இடது. புதுசா."

"காலைக் கோணலா வெச்சுப் படுத்திருப்பே."

"இல்லக்கா. ரொம்ப நாள் வலி மாதிரி இருக்கு. எதையோ மிதிச்சு மிதிச்சு வந்த மாதிரி." தங்கை உதட்டை நனைத்துக்கொண்டாள். "சொன்னா சிரிப்பே. இது என் வலி இல்லக்கா."

நர்ஸ் சிரிக்கவில்லை. அன்று காலையில்தான் டிரைவர் இடது காலை மடக்கி நீட்டிக் காட்டியிருந்தார். இந்த முட்டி நோயில வந்தது இல்லம்மா, கிளட்ச் மிதிச்சு வந்தது, அந்த வலியும் சேர்ந்து போயிடுச்சு பாருங்க.

வார்டுக்கு விளக்குப் போட்டார்கள். டிரைவர் விசிலடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த நாட்களில் அவள் தங்கையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் டிரைவரின் விரலில் குத்தினாள். ஒவ்வொரு தடவையும் தங்கையின் கை துள்ளியது. ஆனால் அவளுக்குத் தன் கண்ணின் மேல் நம்பிக்கை இல்லை. பார்க்க நினைத்ததைப் பார்க்கிறேனோ? என் காலடி கேட்டுத் துள்ளுகிறாளோ? விரலில் குத்தும் கருவி எழுப்பும் டிக் சத்தம் கேட்டோ?

இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வழிதான் தெரியும். டாக்டர் சொல்லிக்கொடுத்த வழி.

ஒரு நாணயத்தைச் சுண்டினாள். தலை விழுந்தால் ஊசி. பூ விழுந்தால் ஊசி இல்லாத கருவி. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். டிக் சத்தமும் ஒன்றுதான். தான் எதை எடுக்கிறாள் என்பது தங்கைக்குத் தெரியாதபடி, அவள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, கீழ் இடுக்கில் அவள் கை மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, என் விரலுக்கு டாஸ் போடுறீங்க?" என்றார் டிரைவர்.

"சும்மா கையைக் குடுங்க."

"யாரு பேட்டிங்?"

பூ. டிக். திரைக்குக் கீழே கை அசையவில்லை.

பூ. டிக். அசையவில்லை.

தலை. டிக். கை துள்ளியது. திரைக்குள்ளிருந்து "ஸ்ஸ்" என்று மூச்சை இழுக்கும் சத்தம். ஒரு சத்தம் இல்லை. நர்ஸ் மெல்லத் திரும்பினாள். முனகும் கட்டில்கள் எல்லாவற்றிலும் கைகள் நெஞ்சுக்கு ஏறியிருந்தன. எல்லாம் வலது கை. தங்கைக்கு அடுத்த கட்டிலில் இருந்த டீச்சரம்மா தன் ஆள்காட்டி விரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில்.

தலை. பூ. தலை. தலை.

நாணயம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. நர்ஸ்தான் நிறுத்தினாள். நாணயத்தைப் பைக்குள் போட்டாள்.

டாக்டரின் அறையில் அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"காசு சுண்டிப் பார்த்தீங்களா?"

"ஆமா சார்."

"நான் கத்துக்குடுத்ததை எனக்கே திருப்பறீங்க." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "தூக்கத்துல கை கால் துடிக்கிறது சகஜம், சிஸ்டர்."

"எல்லாரும் ஒரே நேரத்துலயா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"வலி குறையல சார். இடம் மாறுது. இந்தப் பாதியிலேர்ந்து அந்தப் பாதிக்கு."

"இதை வெளிய சொன்னா உங்களுக்கும் எனக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கணும்பாங்க." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இனிமே அதுக்கு அவசியமும் இல்ல. மேற்பார்வைக் குழுவிலேர்ந்து இன்னிக்குத்தான் சொன்னாங்க. ஆய்வை நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"நிறுத்தவா?"

"பலன் அவ்வளவு நல்லா இருக்கு. இவ்வளவு வித்தியாசம் தெரிஞ்ச பிறகும் பாதிப் பேருக்கு மாவைக் குடுக்கறது பாவம்னுட்டாங்க. நாளையிலேர்ந்து எல்லாருக்கும் நிஜ மருந்து. உங்க தங்கச்சிக்கும்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோருக்கும். அப்படியானால் வலியை வாங்கிக்கொள்ள ஆளே இருக்காது. போக இடமில்லாவிட்டால் அது எங்கே போகும்? எங்கும் போகாது. தீர்ந்துவிடும். அவள் அதை மனதுக்குள் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். கணக்கு சரியாக வந்தது. இந்தப் பாதியும் அந்தப் பாதியும் சேர்ந்தால் முழுசு. அதற்கு வெளியே ஒன்றுமில்லை. ஆய்வில் வேலை செய்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

"நாளைக்கு ஏன் சார்?" என்றாள். "இன்னிக்கே குடுத்துடலாமே."

டாக்டர் அவளைப் பார்த்தார். அடுத்த அறைக்குப் போய் மாத்திரைப் புட்டியை எடுத்து வந்து கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் தங்கையால் பேச முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். தலையணை நனைந்திருந்தது. நர்ஸ் அவள் வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தாள். பிறகு டீச்சரம்மாவுக்கு. பிறகு முனகும் கட்டில்கள் ஒவ்வொன்றுக்கும். திரும்பி வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் காத்திருந்தாள்.

முதலில் நெற்றி விட்டுக்கொடுத்தது. பிறகு தாடை. மூடியிருந்த கைகள் ஒவ்வொரு விரலாகத் திறந்து போர்வையின் மேல் படிந்தன. போர்வை பட்டும் அவள் அலறவில்லை.

"அக்கா."

"சொல்லுடி."

"நின்னுடுச்சு."

"எல்லாமா?"

"எல்லாமே. முட்டிகூட." தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நர்ஸ் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. "நான் ஊருப்பட்ட தூக்கம் தூங்கப்போறேன். எழுப்பினே, கொன்னுடுவேன்."

"தூங்குடி. யாரும் எழுப்ப மாட்டாங்க."

தங்கை தூங்கினாள். டிரைவர் தூங்கினார். டீச்சரம்மா வாயைத் திறந்தபடி தூங்கினாள். வார்டில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும் இருந்தது. இத்தனை மாதங்களில் நர்ஸ் அந்தச் சத்தத்தைத் தனியாகக் கேட்டதில்லை. ஒரு விசிறியில் எங்கோ ஒரு திருகாணி தளர்ந்திருந்தது.

அவளுக்கு உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. கருவியை எடுத்தாள். தூங்கும் டிரைவரின் விரலைப் பிடித்தாள். எல்லாக் கட்டில்களும் கண்ணில் படும்படி நின்றுகொண்டாள்.

டிக்.

ஒரு கையும் அசையவில்லை. ஒரு மூச்சும் மாறவில்லை.

கருவி தரையில் விழுந்து உருண்டது.

நர்ஸ் தன் விரலைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல். ரத்தம் இல்லை. துளை இல்லை. வலி மட்டும் இருந்தது. கூர்மையாக. புதிதாக.

பிறகு முட்டி. இடது முட்டி.

பிறகு உள்ளங்கைகள்.

தணல். அவள் கைகளை உதறினாள். சுவரில் தேய்த்தாள். குழாயைத் திறந்து நீட்டினாள். தண்ணீர் பட்டதும் கத்த வாய் திறந்தது. தங்கை தூங்குகிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாதங்கள் எரிந்தன. செருப்பைக் கழற்றினாள். தரை எரிந்தது. ஒருவருடையது அல்ல. எல்லோருடையதும். எங்கெங்கோ. யார் யாரோ. டீச்சரம்மாவின் இடுப்பு. யாருடையதோ ஒரு பழைய பிரசவம். எல்லாம் வழி தேடி வந்துகொண்டிருந்தன.

வராந்தாவில் வாளி கவிழ்ந்தது. தரை துடைக்கும் அம்மாள் "ஐயோ, கையி" என்றாள்.

டாக்டரின் அறைக்குள் ஏதோ உடைந்தது. அவர் அவளைக் கூப்பிட்டார். பெயர் சொல்லி அல்ல. வார்த்தையாகவும் அல்ல, வெறும் அலறல்.

மருந்து வண்டியின் மேல் புட்டி இருந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே இன்னும் மாத்திரைகள் இருந்தன.

அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். எடுத்தால் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை பேர் எடுக்கிறார்களோ அத்தனை பேருக்கு அப்பால் போகும். அவள் எடுக்காமல் இருக்கலாம். தாங்கிக்கொள்ளலாம். கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்ச நேரம்.

மாத்திரை இனித்தது.

நெற்றி விட்டுக்கொடுத்தது. பிறகு தாடை. கைகள் கைகளாக ஆயின. அவள் மூச்சு விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எவ்வளவு சுகம். எவ்வளவு சுகம்.

மாடிப்படி அடியில் காவலாளி அலறினார். வாசலுக்கு வெளியே, சாலையில், ஒரு பஸ் நீளமாகக் கிறீச்சிட்டு எதன்மேலோ மோதி நின்றது. எதிர் வீட்டு மாடியில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பசி அழுகை அல்ல. அதை ஒட்டிய வீட்டில் இன்னொரு குழந்தை. பிறகு அதற்கும் அடுத்த வீட்டில். விளக்குகள் வரிசையாக எரிந்தன. கதவுகள் திறந்தன. தெருக்கோடிவரை ஆட்கள் கைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சத்தம் இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி, ஒவ்வொரு தெருவாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

தங்கை தூக்கத்தில் புரண்டாள். புருவம் லேசாகச் சுருங்கியது.

அவள் விழித்துவிடக்கூடாது என்று நர்ஸ் ஜன்னலைச் சாத்தினாள்.