வடக்கே ஒரு தலையணை

புதிய வான்படம் வந்திறங்கும் நாளில் எங்கள் அலுவலகத்தில் யாரும் லீவு போட முடியாது. திருச்சியில் மூன்றாவது மாடி, நாற்பது பேர், நாற்பது ஸ்கிரீன். இடது பக்கம் பழைய படம், வலது பக்கம் புதியது. இருபது நாளுக்கு ஒருமுறை ட்ரோன் கடற்கரை நெடுகப் பறந்து எடுத்து அனுப்பும். ஒவ்வொரு வீட்டின் மொட்டைமாடியையும் ஒப்பிட்டு, ஏதாவது இடம் மாறியிருந்தால் 'மாற்றம் உண்டு' என்று அழுத்த வேண்டும். இல்லையென்றால் 'மாற்றம் இல்லை'. இந்த மகத்தான வேலைக்கு ஒப்பீட்டாளர் என்று பெயர். எனக்கு இது ஒன்பதாவது வருடம்.

இயந்திரமே இதைச் செய்யாதா என்று கேட்பார்கள். செய்தது. காக்கை வந்து உட்கார்ந்ததையெல்லாம் குடித்தனம் என்று எழுதியது. அதன்பிறகுதான் மனிதர்களை வைத்தார்கள், அதுவும் அந்தந்த ஊர்க்காரர்களை. எனக்குக் கிடைத்தது நான் பிறந்த சேத்தாறு. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடல் பாதியைத் தின்றுவிட்ட ஊர்.

கடல் ஏறிய பிறகு கரையில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று நேரில் போய்ப் பார்க்க அரசுக்கு ஆள் இல்லை. அதனால் படம் சொல்வதுதான் சட்டம். அடுத்தடுத்து இரண்டு படங்களில் எதுவும் அசையாத வீடு வெற்றுவீடு. பன்னிரண்டு வீடுகூடத் தேறாத தெரு வெறுந்தெரு. வெறுந்தெருவுக்குக் குடிநீர்க் குழாயை மூடிவிடுவார்கள். கிணறெல்லாம் உப்பாகிவிட்ட ஊரில் குழாயும் இல்லையென்றால் ஒரு வாரம் தாங்காது.

ஆகவே ஜனங்கள் படநாளுக்கு முந்தின நாள் மாடி ஏறி வாளியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தி வைப்பார்கள். எங்களுக்கும் தெரியும். வாளியை நகர்த்த ஒரு ஆள் உயிரோடு இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்று விட்டுவிடுவோம்.

என் அப்பா வைரக்கண்ணு அங்கே தனியாக இருந்தார். என்னோடு வந்துவிடச் சொல்லி நான் கடைசியாகச் சண்டை போட்டது பங்குனி ஆரம்பத்தில். "நீ பாக்குற படத்துல நான் தெரியுறேன்ல, அது போதும்" என்று போனை வைத்துவிட்டார். எனக்கும் வீம்பு. நானாகக் கூப்பிடவில்லை. ஆனால் இருபது நாளுக்கு ஒருமுறை அவர் மாடியைப் பார்த்தேன். கயிற்றுக்கட்டில் நகர்ந்திருக்கும், கொடியில் வேறு வேட்டி தொங்கும். கிழவர் நன்றாகத்தான் இருக்கிறார், கோபம்தான் இன்னும் தீரவில்லை என்று அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆடி மாதப் படத்தில் கட்டில் திரும்பிக் கிடந்தது. எங்கள் படங்களில் மேல் விளிம்புதான் எப்போதும் வடக்கு. தலையணை மேல் பக்கம் இருந்தது.

அப்பா வடக்கே தலை வைத்துப் படுக்கவே மாட்டார். வெளியூரில் லாட்ஜில் தங்கினால்கூடத் திசை கேட்டுக் கட்டிலை இழுத்துப் போட்டு, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். ஸ்கிரீனைப் பார்த்தபடியே இருந்தேன். அந்தக் கட்டிலில் யாரும் படுக்கப் போவதில்லை என்று தெரிந்த ஒருவர்தான் தலையணையை அங்கே வைத்திருக்க முடியும். முடிவை எழுத ஐந்து நாள் அவகாசம் உண்டு. எதையும் அழுத்தாமல் எழுந்தேன்.

மறுநாள் மத்தியானம் சேத்தாறில் இறங்கினேன். வீடு திறந்துதான் கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அம்சவல்லி அத்தை என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"எப்போ அத்தை?"

"பங்குனிக் கடைசிலம்மா. நெஞ்ச வலிக்குதுன்னாரு. தண்ணி கேட்டாரு. கொண்டாந்து குடுக்கறதுக்குள்ள போயிட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?" கத்தினேன். தெருவே வெளியே வந்துவிட்டது.

"சொன்னா நீ எழுதியாகணும்ல கமலம். உன் உத்தியோகமே அதுதான? உங்கப்பா வீடு போச்சுன்னா பதினொண்ணு. அப்புறம் யாரு எங்களுக்குத் தண்ணி விடுவா?"

"நான் அவரு பொண்ணு அத்தை."

"பொண்ணுதான். சொல்லணும்னு தெனம் போனக் கையில எடுத்தேன். எம் பேத்தி பொறந்து அப்ப ரெண்டு மாசம். அது மூஞ்சியப் பாத்துட்டு கீழ வச்சிட்டேன்."

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். பூவரசுக்கும் கிணற்றுக்கும் நடுவே வெறும் மணல்.

"மேடு வச்சா படத்துல விழுந்துரும். அதான் நெரவி, மேல சருகு போட்டோம். காரியமும் பண்ணல. பந்தல் போட்டா தெரிஞ்சுரும்ல."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஐந்து முறை 'மாற்றம் உண்டு' என்று அழுத்தியிருக்கிறேன். ஐந்து முறையும் அவர் இந்த மணலுக்குக் கீழே கிடந்திருக்கிறார். உதிர்ந்து கிடந்த பூவரசம்பூ நாலைப் பொறுக்கி வைத்தேன். நான் முகம் கழுவி வருவதற்குள் அந்தப் பூக்களைக் காணோம்.

"கட்டில யாரு வடக்க திருப்பினது?"

"நாந்தான். மத்த எல்லாப் பக்கமும் வச்சுப் பாத்தாச்சு. வேற எப்படித்தான் வைக்கிறது?" அத்தையும் அழுதார்.

கிளம்பும்போது கேட்டேன். "இந்தத் தெருவுல நெசமா எத்தனை வீட்டுல ஆளு இருக்கு?"

அவர் தெருவைப் பார்த்தார். "ஏழு" என்றார்.

ஐந்தாவது நாள் அலுவலகத்தில் எல்லா ஊரும் முடிந்து சேத்தாறு மட்டும் நின்றது. எங்கள் தெருவின் மற்ற பதினொரு வீட்டுக்கும் 'மாற்றம் உண்டு' என்று அழுத்தினேன். எந்த ஏழில் ஆள் இருக்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அழுத்தியிருக்க முடியாது. கடைசியாக அப்பாவின் வீடு. 'வசிப்பவர்: வைரக்கண்ணு, வயது 71' என்று ஓரத்தில் இருந்தது. இனி நான் இருக்கும்வரை அவர் இருப்பார். அவருக்கு ஒரு திதிகூடக் கொடுக்க முடியாது. அழுத்தினேன்.

மூடுவதற்கு முன் வீட்டுக்குப் பின்புறத்தைப் பெரிதாக்கினேன். பூவரசு தெரிந்தது, கிணறு தெரிந்தது. நடுவே நான் உட்கார்ந்து அழுத இடம். ஒன்பது வருடமாகப் பார்த்துப் பழகிய கண்ணாலும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றாகத்தான் நிரவியிருந்தார்கள்.